வலது காது

சென்ற வாரம் பூனைக்குட்டியின் காதில் ரத்தம் இருந்தது. தெருவில் திரியும் கடுவன் கடித்திருக்கும் என்று கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்வது வசதியாக இருந்தது.

நஸ்ருன்னிசா மட்டும் எதையும் முடிவு செய்யவில்லை. அவளுக்கு நேரம் இல்லை. கைக்குழந்தை பிறந்து நாற்பது நாள் தீட்டு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மூத்தவள் ஜஹீதாவுக்கு ஏழு வயது. அவளுடைய இடது காது விளிம்பு நெடுக வரிசையாகத் துளை போட்டு, துளைக்கொரு நூல் கோத்து முடிந்து விட்டிருந்தார்கள். அது இன்னும் ஆறவில்லை.

புருஷன் இனாயத், புதிதாக வீடுகள் எழும்பும் மாம்பலத்தில் தனிக் கடை போடப் போவதாகப் போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் ஷஃபியுல்லாவிடம் மட்டும் சொல்லவில்லை. வீடு அண்ணனுடையது. வீட்டின் முன்பக்கம் இருந்த தையற்கடையும் அண்ணனுடையது. மயிலாப்பூர் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு அங்கேதான் தைத்தார்கள். துணி வெட்டுவது இனாயத், பெயர் ஷஃபியுல்லாவுக்கு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கனத்த பச்சைத் திரை. அதைத் தாண்டிப் பெண்கள் போவதில்லை.

பக்ரீதுக்கு முந்தின நாள் காலையில், குர்பானிக்கு அறுக்க வாங்கியிருந்த ஆடு கத்தியது.

ஆடு கத்துவது புதிதல்ல. வந்த நாளிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தது. இது வேறு மாதிரி. ஒரே இழுப்பாக ஒரு சத்தம், பிறகு தண்ணீர்ச் சட்டி உருளும் ஓசை.

பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நஸ்ருன்னிசா கொல்லைக்கு ஓடினாள்.

ஆடு சுவரை ஒட்டி நின்று தலையை உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ரத்தம் தெறித்தது. தொங்கு காது ஆடு. இடது காது பாதிக்கு மேல் கிழிந்து போயிருந்தது. கிழிந்த துண்டு ஆட்டைக் கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காக்கை அதைக் கொத்திக்கொண்டு போயிற்று.

ஜஹீதா முளைக்குப் பக்கத்தில் நின்றாள். கைகளைப் பின்னால் வைத்திருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் நஸ்ருன்னிசாவின் கண்ணில் முதலில் பட்டது.

"இன்னா சத்தம் அது?"

ஷஃபியுல்லா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தான். பின்னால் இனாயத். நஸ்ருன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஷஃபியுல்லா ஆட்டின் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"நேத்து பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்தாரு. பல்லைப் பார்த்தாரு, காதைத் தூக்கிப் பார்த்தாரு, ஒரு குறை இல்லேன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்குக் காதையே காணோம். இதை எப்படி நாளைக்கு குர்பானி குடுக்கறது? ஊனம் ஆனது ஆகாது." அவன் திரும்பினான். "யாரு?"

ஜஹீதா கைகளைப் பின்னாலேயே வைத்திருந்தாள்.

"பூனையும் நீதானா?"

அவள் தரையைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

அந்த வீட்டில் பிள்ளைகள் தப்புச் செய்தால் காதைத் திருகுவது வழக்கம். ஷஃபியுல்லாவின் கை பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. காது முழுக்க நூல் தொங்கியது. கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு முதுகில் இறங்கியது. ஜஹீதா முன்னால் தள்ளாடி நின்றாள். அப்போதும் அழவில்லை.

"ஏழு வயசுல பூனை, ஆடு. அப்பால இன்னா?" ஷஃபியுல்லா சுவரைப் பார்த்துப் பேசினான். தம்பி மனைவியிடம் அவன் நேராகப் பேச மாட்டான். அவள் காதில் விழ வேண்டியதைச் சுவரிடம் சொல்வான். "தொட்டில்ல ஒரு பச்சக் கொழந்த தூங்கிக்கினு கீது. நாளைக்கு அதும்மேல கை வெச்சா யாரு பதில் சொல்றது? ஈத் முடியட்டும். இவள வாணியம்பாடிக்கு அனுப்பிடு, இனாயத். சின்னம்மா வீட்ல நாலு வருஷம் இருந்தா அடங்கிடுவா."

"சரிங்க பாய்ஜான்," என்றான் இனாயத்.

வாணியம்பாடிச் சின்னம்மா வீட்டுக்கு முன்பும் ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள், இனாயத்தின் சித்தப்பா மகள். அடங்கித்தான் திரும்பி வந்தாள். இப்போது யாராவது கேட்டால்தான் பேசுகிறாள். சில சமயம் கேட்டாலும் பேசுவதில்லை.

ஷஃபியுல்லா சொன்னதில் தப்பு என்று நஸ்ருன்னிசாவால் சொல்ல முடியவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்கும் முதலில் ஞாபகம் வந்தது தொட்டில்தான்.

அமீனா பீ தொழுகை விரிப்பிலிருந்து எழுந்து வந்தாள். ஷஃபியுல்லாவின் மனைவி. பக்ரீதுக்கு முந்தின நாள் விரும்பியவர்கள் வைக்கும் நோன்பு வேறு அன்று அவளுக்கு. பிள்ளை இல்லாதவள். இரண்டு காது விளிம்புகளிலும் தங்க வளையங்கள் வரிசையாகத் தொங்கின. பாலி என்பார்கள். அத்தனை வருஷத்துப் பாரத்தில் விளிம்பு மடிந்து கீழே வந்திருந்தது. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பாலிகள் ஜஹீதாவுக்குத்தான் என்று அவள் ஊருக்கே சொல்லியிருந்தாள். ஜஹீதாவின் காதைக் குத்தியதும் அவள்தான். தையற்காரன் வீட்டில் ஊசிக்கு வெளியாள் எதற்கு என்று கேட்டாள்.

அவள் குந்தி உட்கார்ந்து ஜஹீதாவை மடிக்கு இழுத்தாள்.

"நேத்து ஹஸ்ரத் பேசும்போது நீ அங்கதானே நின்னுக்கினு இருந்தே?"

ஜஹீதா தலையை ஆட்டினாள்.

"காது போனா குர்பானிக்கு ஆகாதுன்னு சொன்னாரு. கேட்டே இல்ல?"

"கேட்டேன் படீமா." பெரியம்மாவை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரு வாரமா இதுக்கு நீதானே தழை போட்டே? இதை அறுக்கக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணிட்டே. அப்படித்தானே என் கண்ணு?"

ஜஹீதா அமீனா பீயின் முகத்தைப் பார்த்தாள். பெரியப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தலையை ஆட்டினாள்.

வீடு ஒரு நொடியில் மாறிப்போயிற்று. ஷஃபியுல்லாவின் தோள் இறங்கியது. "அட பைத்தியமே," என்றான், அவன் குரலில் யாரும் கேட்டிராத ஒரு மாதிரியில். இனாயத் மூக்கை உறிஞ்சினான். தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த வேலைக்காரி முத்தம்மாவுக்கு அமீனா பீ முழுக் கதையையும் சொன்னாள். சொல்லும்போதே கதை கொஞ்சம் வளர்ந்தது.

"இத்தினிக்கூண்டு பொண்ணு, இன்னா மனசு பாரு," என்றாள் முத்தம்மா. "எங்கூட்ல ஒண்ணு கீது பீபிம்மா. ஆட்ட அறுத்தா தலை எனக்கு, ஈரல் எனக்குன்னு முன்னாடியே பங்கு போட்டுக்கினு குந்தினு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாணியம்பாடிப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

பூனைக்குட்டியை யார் அறுக்கப் போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜஹீதாவின் பாவாடையில் ரத்தம் பட்டிருந்தது. குளிக்கும் அறைக்குக் கூட்டிப்போய்த் துணியை அவிழ்க்கும்போது நஸ்ருன்னிசா கவனித்தாள்: பெண் வலது கையை இன்னும் திறக்கவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு நூல். கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் மெழுகு பூசிய கறுப்பு நூல். ஒரு நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் வெள்ளை மயிர் சிக்கியிருந்தது.

"இது இன்னா?"

"காது குத்தினேன்."

"ஆட்டுக்கா?"

"பூனைக்கும்தான். அது காது ரொம்ப மெலிசு. நூல் நிக்கல." ஒரு வேலை ஏன் சரியாக வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். "ஆடு ஆடிக்கினே இருந்திச்சு, அம்மீ. பிடிக்க ஆள் இல்ல. அதான் நூலை முளையில கட்டினேன். அது இழுத்துடுச்சு."

பிடிக்க ஆள் இல்லை.

ஜஹீதாவைப் பிடிக்க ஆள் இருந்தது. போன மாதம், இதே வீட்டுக் கூடத்தில், நஸ்ருன்னிசா பெண்ணின் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்தினாள். அசையாதே, அசைஞ்சா கிழிஞ்சிடும் என்று சொன்னாள். அமீனா பீ ஊசியை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துக் குத்தினாள். நாலாவது துளையில் பெண் கத்துவதை நிறுத்திவிட்டாள். பெண் பழகிக்கொண்டாள் என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

"ஆட்டுக்கு வலிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பண்ணினே?"

ஜஹீதா யோசித்தாள். பொய் தேடவில்லை, உண்மையிலேயே யோசித்தாள்.

"அது கத்தும்போது எனக்கு வலிக்கல," என்றாள்.

நஸ்ருன்னிசா சொம்பைக் கீழே வைத்தாள்.

"படீமா சொன்னாங்களே, அறுக்கக் கூடாதுன்னு நீ பண்ணினேன்னு?"

"நான் அப்படி நெனக்கல. படீமா கேட்டாங்க. ஆமான்னா பெரியப்பா அடிக்க மாட்டாருன்னு தோணிச்சு."

"ஊசி எங்க?"

கடையில் தையற்காரர்கள் செருகிக்கொள்வது போலச் சட்டைக் கழுத்தின் உட்புறம் செருகி வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கேட்டதையெல்லாம் கொடுத்தாள். பிறகு தானாகவே ஒன்று சொன்னாள்.

"பாப்பாவுக்கு இப்போ முடியாது. காது ரொம்பச் சின்னது."

அதற்குப் பிறகு அன்று முழுவதும் நஸ்ருன்னிசா தொட்டிலைவிட்டு நகரவில்லை. நகர்ந்தால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். நூலை முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

மத்தியானம் இனாயத் சாப்பிட வந்தான்.

"வலது காதும் குத்த வேணாம்," என்றாள் அவள், சோற்றை வைத்துவிட்டு. "உங்க பாபிகிட்ட நீங்க சொல்லுங்க." அண்ணன் மனைவி அமீனா பீயை இனாயத் பாபி என்பான்.

"இன்னாத்துக்கு?"

"ஆட்டுக் காதை அவ காப்பாத்தறதுக்காகக் கிழிக்கல. நாம அவளுக்குப் பண்ணினத அவ அதுக்குப் பண்ணினா."

இனாயத் கவளத்தைக் கையிலேயே வைத்திருந்தான். அவன் முட்டாள் இல்லை. ஒரு கோட்டைப் பார்த்தாலே எந்தத் தையல் எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடுவான். அவளுக்கு அதுதான் எரிச்சல். இதுவும் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"பாபி எதையோ சொல்லி அமுக்கிட்டாங்க. நீ இன்னாத்துக்கு அதைக் கெளர்றே?"

"அது பொய்."

"பொய்யாவே இருக்கட்டும். பொண்ணு வீட்ல கீறா இல்ல?"

"ஈத் மூணாம் நாள் அந்தக் காதைக் குத்தும்போது அவ தலையை நான் மறுபடியும் பிடிக்கணும். பிடிச்சா அவ அடுத்து எதைப் பிடிப்பா?"

"பொம்பளைங்க விஷயத்துல நான் போய் நின்னா அண்ணன் இன்னா நெனப்பாரு?"

"அப்ப மாம்பலத்துக்குப் போலாம்."

"ஈத் முடியட்டும்."

"போன ஈதுக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான். சோறு பாதி அப்படியே இருந்தது.

சாயந்திரத்துக்கு முன்னால் கறிக்கடை அக்பர் பாஷா வேறொரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதன் காதுகள் இரண்டும் முழுசாக இருந்தன. ஷஃபியுல்லா பல்லைப் பார்த்தான், திருப்தியாகத் தலையை ஆட்டினான். பிறகு பழைய ஆட்டின் கயிற்றை அவிழ்த்து அக்பர் பாஷாவின் கையில் கொடுத்தான்.

"குர்பானிக்குத்தான் ஆகாது. கறிக்கு ஆகும்."

"காது இல்லாட்டி குழம்புல யாருக்குத் தெரியப் போவுது பாய்," என்றான் அக்பர் பாஷா.

வாசல் நிலையில் நின்றிருந்த ஜஹீதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறுக்க மாட்டாங்கன்னு படீமா சொன்னாங்களே?"

"அது வேற, இது வேற. நீ உள்ள போ," என்றான் ஷஃபியுல்லா.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து நஸ்ருன்னிசா பேசினாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசியதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்லத் தேவை இருந்ததில்லை.

"காலையில இவ அதைக் காப்பாத்தினான்னு வீடே சொல்லிச்சு. கோட்டுக்கு அளவு குடுக்க வந்த வக்கீலுங்ககிட்டயும் சொன்னீங்க. அவங்க உங்க வீட்டுப் புள்ளைக்கு எவ்ளோ இரக்கம்னு பாராட்டிட்டுப் போனாங்க. திரைக்கு இந்தாண்ட எனக்குக் கேட்டிச்சு. சாயந்திரம் அதே ஆட்டைக் கறிக்கடைக்கு அனுப்பினா நாளைக்கு அவங்ககிட்ட இன்னா சொல்வீங்க?"

ஷஃபியுல்லா கதவைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தக் கதையை அவன் இரண்டு வக்கீல்களிடம் சொல்லியிருந்தான். இரண்டாம் முறை சொல்லும்போது கண்கூடக் கலங்கியது.

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய்," என்று அக்பர் பாஷா கயிற்றை நீட்டினான். "உங்கூட்டு ஆட்டுக்கு வாதாட உங்கூட்லயே ஆள் கீதே."

ஆடு வீட்டிலேயே தங்கிவிட்டது. ஷஃபியுல்லா எதுவும் பேசாமல் கடைக்குப் போனான். அவன் பேசாமல் போனால் அது முடிந்த விஷயம் இல்லை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நஸ்ருன்னிசாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. காலையில் அந்தப் பொய் அமீனா பீயுடையது. இப்போது அது அவளுடையது. இனி உண்மையைச் சொன்னால் ஆடு கறிக்கடைக்குப் போகும், பெண் வாணியம்பாடிக்குப் போவாள். சொல்லாவிட்டால் வலது காதை வேண்டாம் என்பதற்கு அவளிடம் காரணமே இல்லை. இரண்டு பக்கமும் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நடுவில் நின்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜஹீதாவின் காதுக்குப் போடும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் கலந்த கிண்ணத்தை எடுத்தாள்.

"வா."

இருவரும் ஆட்டிடம் போனார்கள். ஜஹீதா இரண்டடி வைப்பதற்குள் ஆடு கயிற்றின் கடைசி வரைக்கும் பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தொடை நடுங்கியது.

"என்னைப் பார்த்தா பயப்படுது."

"ஆமா."

"உன்னைப் பார்த்து பயப்படல."

"நான் அதுக்கு ஒண்ணும் பண்ணல."

ஜஹீதா நின்ற இடத்திலேயே நின்றாள். நஸ்ருன்னிசா மட்டும் கிட்டே போய்க் கிழிந்த ஓரத்தில் மருந்தைத் தடவினாள். ஆடு உதறியது, பொறுத்துக்கொண்டது.

"எப்போ பயம் போவும்?"

"தெரியாது. நீ தினம் தழை போடு. தூரத்துல வெச்சுட்டு வந்துடு. கிட்ட போகாதே, தொடாதே. அது வந்தா வரட்டும்."

"வரவே வரலேன்னா?"

"அப்பவும் போடணும்."

ஜஹீதா முத்தம்மா கொண்டுவந்த கட்டிலிருந்து ஒரு கிளையை உருவி, கையை நீட்ட முடிந்த வரைக்கும் நீட்டித் தரையில் வைத்தாள். ஆடு அதைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தது.

"என்னை நீதான் பிடிச்சே," என்றாள் ஜஹீதா, ஆட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா," என்றாள் நஸ்ருன்னிசா.

உன் நல்லதுக்குத்தான் என்று ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் அமீனா பீ பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்தாள், தொழுதாள், அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி ஊசியை அதில் ஊறப் போட்டாள். கறுப்பு நூலை மெழுகில் இழுத்தாள்.

"ஈத் மூணாம் நாள் வலது காது," என்றாள். "சொந்தமெல்லாம் வந்துட்டுப் போயிடும். வீடு காலியா இருக்கும்."

"வேணாம் ஆபா." அமீனா பீயை அவள் அக்கா என்ற மரியாதையில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இடது காது ஆறலேன்னு பார்க்கறியா? ஆறிடும். எனக்கு ஆறல? உனக்கு ஆறல?"

"அதுக்கில்ல. வேணாம்."

"ஒரு காதோட நிறுத்தினா நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க இன்னா கேப்பாங்க? இன்னொரு காதை வித்துட்டீங்களான்னு கேப்பாங்க." அமீனா பீ சிரித்தாள். நஸ்ருன்னிசா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். அவள் கை தன் காது வளையங்களுக்குப் போயிற்று. "இதை உம்பொண்ணுக்குக் குடுக்காம நான் யாருக்குக் குடுக்கப் போறேன்? எனக்கு யாரு கீறாங்க, சொல்லு."

அவள் மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவள் கெஞ்சிக் கேட்டாள்.

காட்டக் கூடாது என்று நாள் முழுக்க நினைத்திருந்ததை நஸ்ருன்னிசா முந்தானையிலிருந்து அவிழ்த்தாள். அமீனா பீயின் உள்ளங்கையைத் திருப்பி, நூலை அதில் வைத்தாள்.

அமீனா பீ விளக்கைத் தூண்டினாள். முடிச்சைப் பார்த்தாள். மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே இழுக்கும் முடிச்சு. கடையில் யாரும் அப்படிப் போட மாட்டார்கள். அது அமீனா பீயின் முடிச்சு. அதற்குள் வெள்ளை மயிர்.

வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கா," என்றாள் கடைசியில்.

"பூனைக்கும் இதேதான் பண்ணியிருக்கா. அடுத்து பாப்பாவைச் சொல்றா."

"இத அவருக்குக் காட்டினியா?"

"இல்ல."

"காட்டாதே. தெரிஞ்சா நாளன்னிக்கே வாணியம்பாடிக்கு ரயில் ஏத்திடுவாரு."

"காட்டல. ஆனா வலது காது வேணாம்."

அமீனா பீ நிமிர்ந்தாள். "எங்கிட்ட பேரம் பேசறியா?"

"இல்ல ஆபா. நான் பிடிக்க மாட்டேன். அவ்ளோதான்."

"நீ பிடிக்கலேன்னா முத்தம்மா பிடிப்பா." அது அவள் வாயிலிருந்து தானாக வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று முகம் சொல்லிற்று. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அந்த வீட்டில் அவள் சொன்ன எதையும் திருப்பி எடுத்ததில்லை.

"யாரும் பிடிக்க வேணாம், படீமா."

இருவரும் திரும்பினார்கள். ஜஹீதா நின்றாள். விரல்களில் தழையின் பால் ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் வந்து அமீனா பீயின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கி, வலது காதை விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"நான் அசைய மாட்டேன். கண்ணாடி மட்டும் குடுங்க."

"கண்ணாடி எதுக்குடி?"

"போன தபா அம்மீ தலையை இறுக்கிப் பிடிச்சிக்கினு இருந்தாங்க. நீங்க எப்படிக் குத்தறீங்கன்னு பார்க்கவே முடியல. அதான் ஆட்டுக்குக் கிழிஞ்சுபோச்சு." அவள் பொறுமையாக விளக்கினாள். "இந்தத் தபா நல்லாப் பார்த்துக்குவேன். பாப்பாவுக்குக் கிழியக் கூடாது இல்ல?"

நஸ்ருன்னிசாவின் தோளில் குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டியது.

அமீனா பீ ஊசியை எடுக்கக் கிண்ணத்துக்குள் விட்ட விரல்கள் அங்கேயே நின்றன. எண்ணெயில் விளக்கின் வெளிச்சம் ஆடியது. முதல்முறையாக அந்தப் பெண்ணின் இடது காதை, நூல் தொங்கிய ஒவ்வொரு துளையாக, யாரோ குத்தியதைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கடைக்கதவு சாத்தும் ஓசை கேட்டது. பிறகு ஷஃபியுல்லா செருப்பைக் கழற்றும் ஓசை.

வெள்ளை மயிர் சிக்கிய நூல் இருந்த அமீனா பீயின் இன்னொரு உள்ளங்கை, விளக்குக்கு நேராக, திறந்தபடி இருந்தது.